அமெரிக்க மாநிலங்களின் பட்டப்பெயர்கள் எங்கிருந்து வந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் பட்டப்பெயர் இல்லாத மாநிலமே கிடையாது. சிலவற்றுக்கு மூன்று நான்குகூட இருக்கும். கார் நம்பர் பிளேட்டில், பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் பெயரில், நெடுஞ்சாலைப் பலகையில் என்று எங்கு திரும்பினாலும் கண்ணில் படும். படிக்கவோ வேலைக்கோ போனவர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லா மாநிலங்களையும் வரிசையாகச் சொல்லவில்லை. கதை உள்ள மாநிலங்களில் நின்று பேசுகிறேன்.

இந்தப் பெயர்களை வைத்தது அரசாங்கமா?

பெரும்பாலும் இல்லை. முதலில் மக்கள் வாயில் வரும், அப்புறம் செய்தித்தாளில் வரும், சட்டமன்றம் தீர்மானம் போடுவது கடைசியில்தான். கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது 1848 ஜனவரி 24-இல், கொலோமா என்ற இடத்தில், சட்டர் என்பவரின் மர அறுவை ஆலைக்காக வெட்டிய வாய்க்காலில். 'கோல்டன் ஸ்டேட்' என்ற பெயரைச் சட்டமாக்க 1968 வரை ஆனது. டெலவேர் 1787 டிசம்பர் 7-இல் நாட்டின் அரசியலமைப்பை எல்லோருக்கும் முன்னால் ஏற்றுக்கொண்ட மாநிலம். 'ஃபர்ஸ்ட் ஸ்டேட்' என்ற பெயர் அங்கே சட்டப்படி வந்தது 2002-இல். மிசௌரியின் 'ஷோ-மீ ஸ்டேட்' (எனக்குக் காட்டு) என்ற பெயருக்கோ நெடுங்காலம் சட்டமே இல்லை, ஆனாலும் 1980-லேயே நம்பர் பிளேட்டில் வந்துவிட்டது.

பல பெயர்கள் வசவு மாதிரி இருக்கின்றனவே, ஏன்?

வசவாகத்தான் பிறந்தன. கவிஞர் வால்ட் விட்மன் 1885-இல் கொச்சை மொழி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1861 முதல் 1865 வரை வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் ஒவ்வொரு மாநிலச் சிப்பாயையும் மற்றவர்கள் எப்படி அழைத்தார்கள் என்று அதில் ஒரு பட்டியல் கொடுக்கிறார். நெப்ராஸ்காக்காரர்கள் பூச்சி தின்னிகள், அலபாமாக்காரர்கள் பல்லிகள், ஜார்ஜியாக்காரர்கள் பிணந்தின்னிக் கழுகுகள், டெக்சாஸ்காரர்கள் மாட்டுத்தலையர்கள். மிசௌரிக்காரர்களுக்கு வைத்த பெயர் 'வாந்தி'.

இவற்றில் பல அழிந்துவிட்டன, சில தங்கிவிட்டன. தங்கியதற்குக் காரணம் நம் ஊர்களிலும் பார்க்கக்கூடியதுதான். ஒருவருக்குக் கேலியாக வைத்த பெயரை அவரே சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டால் அது அவர் பேரன் காலம்வரை வீட்டு அடையாளமாக நிற்கும். என் பார்வையில், அமெரிக்கப் பட்டப்பெயர்களில் உயிருள்ளவை எல்லாம் இப்படி வந்தவையே. சுற்றுலாவுக்காகச் சட்டமன்றம் கூடி வைத்த பெயர்களுக்கு அந்த உயிர் இல்லை.

விஸ்கான்சினுக்கு 'பேட்ஜர்' என்று பெயர். அங்கே அந்த விலங்கு அதிகமா?

பேட்ஜர் என்பது மண்ணில் வளை தோண்டி வாழும் சிறு விலங்கு. விஸ்கான்சினில் உண்டு. ஆனால் பெயர் வந்தது மனிதர்களைப் பார்த்து. 1820, 30-களில் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மினரல் பாயின்ட் பக்கத்தில் ஈயம் கிடைக்கிறது என்று கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். வீடு கட்ட நேரமும் இல்லை, வசதியும் இல்லை. குளிர்காலம் வந்ததும் பலர் மலைச்சரிவில் குழி தோண்டி அதற்குள்ளேயே முடங்கிக்கொண்டார்கள். வளைக்குள் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் அவர்களுக்கு அந்த விலங்கின் பெயர் வந்தது.

இதற்கு ஒரு ஜோடிப் பெயரும் இருந்தது. இல்லினாயிலிருந்து வந்த தொழிலாளர்கள் குளிரில் தங்காமல் இலையுதிர்காலத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள், வசந்தம் வந்ததும் ஆற்றுவழியே மறுபடி மேலே வருவார்கள். 'சக்கர்' என்ற ஆற்று மீனும் அதே பருவத்தில் அதே மாதிரி போய் வருவதால் அவர்களுக்கு 'சக்கர்ஸ்' என்று பெயர். தங்கியவன் பேட்ஜர், திரும்பியவன் சக்கர். ஒரே சுரங்கத்திலிருந்து இரண்டு மாநிலங்களுக்குப் பெயர் வந்திருக்கிறது. விஸ்கான்சின் தன் பெயரைக் கொடியிலும் முத்திரையிலும் ஏற்றிக்கொண்டது. இல்லினாய் தன்னுடையதைக் கைவிட்டு, இப்போது 'பிரெய்ரி ஸ்டேட்' (புல்வெளி மாநிலம்) என்றும் 'லிங்கனின் நாடு' என்றும் சொல்லிக்கொள்கிறது.

மிச்சிகனும் ஒஹாயோவும் உண்மையிலேயே சண்டை போட்டனவா?

போட்டன, 1835-இல். டொலீடோ நகரத்தை ஒட்டிய ஒரு நிலப்பட்டை யாருக்கு என்பதில் தகராறு. இரண்டு பக்கமும் படை திரட்டினார்கள். ஆனால் காயப்பட்டது ஒரே ஒருவர்தான்: ஒஹாயோக்காரர் ஒருவர் பேனாக்கத்தியால் குத்தியதில் ஒரு மிச்சிகன் துணை ஷெரிஃப். வுல்வரீன் என்பது மூர்க்கத்துக்கும் பேராசைக்கும் பெயர்போன காட்டு விலங்கு. மிச்சிகன்காரர்களை அதற்கு ஒப்பிட்டு ஒஹாயோக்காரர்கள் திட்டியதில் வந்ததுதான் 'வுல்வரீன் ஸ்டேட்' என்பார்கள். சூ செயின்ட் மரீ வழியாக நடந்த வுல்வரீன் தோல் வியாபாரத்தால் வந்தது என்று வேறொரு விளக்கமும் உண்டு. மாநிலத்துக்குள் அந்த விலங்கோ கண்ணிலேயே படுவதில்லை. காட்டில் ஒன்று உறுதியாகப் பார்க்கப்பட்டது 2004-இல், அதுவே பெரிய செய்தியானது.

டொலீடோ ஒஹாயோவுக்குப் போனது. அதற்கு ஈடாக மிச்சிகனுக்கு வடக்கே மேல் தீபகற்பத்தைக் கொடுத்து 1837-இல் மாநிலமாகச் சேர்த்துக்கொண்டார்கள். பிரயோஜனமில்லாத காடு என்று அன்று பலர் புலம்பினார்கள். சில வருடங்களிலேயே அங்கிருந்து செம்பும் இரும்பும் கிடைத்தன.

ஒஹாயோவின் 'பக்கை' ஒரு மரத்தின் பெயர். அதன் விதை பழுப்பு நிறத்தில் நடுவே வெளிறிய பொட்டோடு, மானின் கண் மாதிரி இருக்கும். 1840 அதிபர் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் ஆதரவாளர்கள் பக்கை மரத்தில் சின்ன மரக்குடில் செய்து ஊர்வலம் விட்டார்கள். நாடு முழுக்கப் பெயர் பரவியது அப்போதுதான்.

ஓக்லஹோமா 'சூனர் ஸ்டேட்'. முன்கூட்டியே போனவர்கள் என்றால், எங்கே போனார்கள்?

இந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கமாகப் பாதிதான் சொல்லப்படுகிறது.

தென்கிழக்கு மாநிலங்களில் வாழ்ந்த செரோக்கி, மஸ்கோகி, செமினோல் உள்ளிட்ட பூர்வகுடி மக்களை, 1830-இல் போட்ட ஒரு சட்டத்தைக் காட்டி, அவர்கள் நிலத்திலிருந்து கிளப்பி மேற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டினார்கள். வழியில் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். இந்தப் புது நிலம் இனி உங்களுக்கே என்று ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்ததும், 1866-இல், அதிலும் ஒரு பகுதியை மஸ்கோகிகளிடமிருந்தும் செமினோல்களிடமிருந்தும் எழுதி வாங்கினார்கள். அதன் நடுவே எந்த இனத்துக்கும் ஒதுக்காமல் கிடந்த ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கரைக் குடியேறிகளுக்குத் திறந்துவிடச் சொல்லிக் கிளர்ச்சி செய்தவர்களுக்கு 'பூமர்ஸ்' என்று பெயர்.

1889-இல் அவர்கள் கேட்டது கிடைத்தது. ஏப்ரல் 22, பகல் 12 மணிக்கு எல்லை திறக்கும், ஓடிப்போய் முளையடித்தவருக்கு 160 ஏக்கர் என்று அறிவிப்பு. எல்லைக்கோட்டில் ஏறத்தாழ 50,000 பேர். குதிரையில், வண்டியில், ரயிலில், நடந்து. நேரம் வந்ததும் புறப்பட்டார்கள். அன்று காலை வெறும் புல்வெளியாக இருந்த கத்ரியிலும் ஓக்லஹோமா சிட்டியிலும் இரவுக்குள் பத்தாயிரம் பேர் அளவில் கூடாரம் அடித்திருந்தார்கள்.

சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: குறித்த நேரத்துக்கு முன்னால் உள்ளே நுழைந்தவருக்கு நிலத்தில் உரிமை கிடையாது. அதை மீறி முந்தின இரவே போய்ப் புதரிலும் ஓடைக்கரையிலும் ஒளிந்திருந்து, மணி அடித்ததும் எழுந்து நின்று நல்ல நிலத்தைப் பிடித்தவர்கள்தான் சூனர்கள். குதிரை வேகமாக ஓடிவந்து வியர்த்த மாதிரி காட்ட, அதன் உடம்பில் சோப்பு நுரை பூசினார்கள் என்றுகூட ஊர்க்கதை உண்டு. வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன. ரயில்பாதையை ஒட்டிய இடத்தில் குடும்பத்தோடு தங்கியிருந்த ஒரு ரயில்வே தொழிலாளி, 12 மணி அடித்த பிறகே பக்கத்து நிலத்தில் கூடாரம் போட்டார். வேலைக்காக உள்ளே இருந்தது குற்றமா என்று அவர் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1893-இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மற்றவர்கள் எல்லைக்கு வெளியே காத்திருக்கும்போது உள்ளே இருந்ததே அநியாயமான முந்துதல்தான் என்று.

அன்று 'சூனர்' என்றால் திருடன் என்பதற்கு ஒரு படி கீழே. 1908-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் அணி அதைத் தன் பெயராக எடுத்துக்கொண்டது. அப்புறம் மாநிலமே எடுத்துக்கொண்டது. இப்போது அது சுறுசுறுப்புக்காரர்கள் என்ற அர்த்தத்தில் புழங்குகிறது. ஏமாற்றியவன் பெயர் மாநிலத்தின் பெயராகிவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. வரிசையில் ஒழுங்காக நின்றவர்கள், வரிசையைத் தாண்டியவர்கள் என்ற இரண்டு கட்சிகள் மட்டுமே அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. நிலத்தை இழந்தவர்களுக்கு அதில் இடமே இல்லை.

வட கரோலினாவின் 'டார் ஹீல்', அதாவது தார்க் குதிகால். இது என்ன கணக்கு?

மரக்கப்பல் காலத்தில் தார் இல்லாமல் கடற்படை இல்லை. பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கவும், கயிறு மட்காமல் இருக்கவும் அது வேண்டும். இங்கிலாந்து 1705-லேயே குடியேற்றங்களிலிருந்து வரும் தாருக்கு ஊக்கத்தொகை அறிவித்தது. வட கரோலினாவின் கடலோரச் சமவெளி முழுக்க நீண்ட ஊசியிலைப் பைன் காடு. அதனால் அதுவே அந்தத் தொழிலின் தலைமையிடமானது.

தார் எடுப்பது கடும் வேலை. நடுவில் பள்ளமாக வரும்படி களிமண் தளம் போடுவார்கள். பிசின் ஊறிய பைன் கட்டைகளை அதன்மேல் கோபுரமாக அடுக்கி, மண்ணாலும் பைன் சருகாலும் மூடி, காற்று அதிகம் புகாதபடி நெருப்பு வைப்பார்கள். கொழுந்துவிட்டு எரிந்தால் எல்லாம் பாழ், பல நாள் புகைந்துகொண்டே இருக்க வேண்டும். இரவும் பகலும் ஆள் காவல். சூட்டில் கசியும் தார் பள்ளத்தில் சேர்ந்து ஒரு வாய்க்கால் வழியே பீப்பாய்க்கு வரும். அந்த வேலையைச் செய்தவர்களில் ஏராளமானோர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களும், நிலமில்லாத ஏழை வெள்ளையரும். வெறுங்காலில் நடப்பவர்களுக்குக் குதிகால் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். வசதியானவர்கள் அவர்களைப் பார்த்துச் சொன்ன இழிசொல் அது.

உள்நாட்டுப் போரில் அந்தச் சொல் திரும்பிக்கொண்டது. போர் நினைவுகளில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஒரு சண்டையில் பக்கத்துப் படை பின்வாங்கிவிட, வட கரோலினாக்காரர்கள் தனியாக நின்று போரிட்டார்கள். பிறகு அந்தப் படையினர் எதிர்ப்பட்டு, "உங்கள் ஊரில் இன்னும் தார் மிச்சம் இருக்கிறதா?" என்று கேலி செய்ய, இவர்கள் சொன்ன பதில்: "இல்லை, எல்லாவற்றையும் ஜெஃப் டேவிஸ் வாங்கிவிட்டார். அடுத்த சண்டையில் ஓடாமல் ஒட்டி நிற்க உங்கள் குதிகாலில் பூசப் போகிறாராம்." ஜெஃபர்சன் டேவிஸ் தென் மாநிலக் கூட்டமைப்பின் அதிபர். இப்படி ஒரு உரையாடல் சொல் பிசகாமல் நடந்திருக்கும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் போருக்குப் பிறகு அந்த மாநிலத்தார் இந்தப் பெயரை வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள் என்பது உண்மை. இன்று சாப்பல் ஹில்லில் உள்ள பல்கலைக்கழக அணிகளின் பெயர் அதுதான்.

கனெக்டிகட்டுக்கும் ஜாதிக்காய்க்கும் என்ன சம்பந்தம்?

ஜாதிக்காய் அங்கே விளையாது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கனெக்டிகட்டிலிருந்து தகரச் சாமான், கடிகாரம், மசாலா எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர்கள் ஏராளம். அவர்கள் மரத்தைச் செதுக்கி ஜாதிக்காய் என்று விற்றுவிட்டார்கள் என்று தென் மாநிலங்களில் பேச்சு. அதிலிருந்து 'நட்மெக் ஸ்டேட்'.

மறுபக்க விளக்கமும் இருக்கிறது: வாங்கியவர்களுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியவில்லை. நாம் கல்லில் உரைப்பதுபோல அவர்களும் அதைத் துருவித்தான் எடுக்க வேண்டும். அது தெரியாமல் கொட்டையை உடைப்பதாக நினைத்து உடைத்துப் பார்த்து, கல்லு மாதிரி இருக்கவும், மரக்கட்டையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டியிருப்பார்கள். எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. சின்னக் கட்டையை அச்சு அசலாகச் செதுக்க ஆகும் நேரத்துக்கு என்ன லாபம் வந்துவிடும்?

1959-இல் சட்டமன்றம் 'கான்ஸ்டிடியூஷன் ஸ்டேட்' என்று கௌரவமான பெயரைச் சூட்டியது. 1639-இல் அங்கே எழுதப்பட்ட அடிப்படை ஆணைகளை உலகின் முதல் எழுத்து வடிவ அரசியலமைப்புகளில் ஒன்றாகச் சொல்கிறவர்கள் உண்டு, அதன் நினைவாக. நம்பர் பிளேட்டில் இருப்பது அது. ஆனாலும் அந்த ஊர்க்காரர்களுக்கு 'நட்மெக்கர்' என்ற பெயர் போகவில்லை.

மிசௌரியின் 'ஷோ-மீ' ஒரு அரசியல்வாதி சொன்னதாமே?

பெயரைப் பிரபலமாக்கியவர் அவர். வில்லார்ட் வான்டிவர், மிசௌரியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1899-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு விருந்தில் பேசும்போது, சோளமும் பருத்தியும் முள்செடியும் ஜனநாயகக் கட்சிக்காரர்களும் விளையும் மாநிலத்திலிருந்து வருகிறேன், நுரை தள்ளும் பேச்சு எனக்குப் போதாது, நான் மிசௌரிக்காரன், கண்ணில் காட்டினால்தான் நம்புவேன் என்ற கருத்தில் சொன்னார். கூட்டம் ரசித்தது, பத்திரிகைகள் பரப்பின.

ஆனால் அந்தச் சொற்றொடர் அதற்கு முன்பே புழங்கியது. 1890-களில் கொலராடோவின் லெட்வில் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, மாற்றாக மிசௌரியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள் என்றும், அந்த ஊர் முறை தெரியாமல் அவர்கள் திணறினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. "அவன் மிசௌரிக்காரன், நீதான் செய்து காட்ட வேண்டும்" என்று மேஸ்திரிகள் சலித்துக்கொண்டார்களாம். மண்டு என்ற அர்த்தம். வான்டிவர் வாயில் அது 'எளிதில் ஏமாறாதவன்' ஆனது. 'வாந்தி' என்று பெயர் வாங்கியிருந்த மாநிலத்துக்கு இது எவ்வளவோ மேல்.

'ஹூசியர்' என்றால் என்ன?

இண்டியானாக்காரர். அதற்கு மேல் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். 1833 புத்தாண்டு அன்று ஜான் ஃபின்லி என்பவரின் கவிதை ஒன்று இண்டியானாபொலிஸ் பத்திரிகையில் வந்தது. அதில் இந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தார், அதனால் நாடு முழுக்கத் தெரிந்தது. ஆக, அதற்கு முன்பே பேச்சில் இருந்திருக்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது என்பதற்கு டஜன் கணக்கில் விளக்கங்கள். கதவு தட்டியதும் உள்ளேயிருந்து "யாரது?" என்று கேட்பதன் திரிபு என்பது ஒன்று. ஹூசியர் என்ற ஒப்பந்தக்காரர் இண்டியானா ஆட்களையே வேலைக்கு விரும்பினார் என்பது இன்னொன்று. ஹாரி ஹூசியர் என்ற கறுப்பின மெதடிஸ்ட் போதகரைப் பின்பற்றியவர்கள் என்பது வேறொன்று. வட இங்கிலாந்து வட்டாரப் பேச்சில் குன்றைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து, மலைக்காட்டு நாட்டுப்புறத்தான் என்ற பொருளில் வந்திருக்கும் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலர் சாயும் பக்கம். தென் மாநிலங்களில் அந்தச் சொல் பட்டிக்காட்டானைக் குறித்ததும், மிசௌரியின் செயின்ட் லூயிஸில் இன்றும் அது வசவாக இருப்பதும் இதற்கு ஒத்துப்போகின்றன.

இண்டியானாக்காரர்கள் இதைப் பெருமையாக நினைக்கிறார்கள். அரசு வெளியீடுகளில் 'இண்டியானன்' என்று எழுதிவந்த மத்திய அரசின் அச்சகம், அவர்கள் விடாமல் கேட்டதால் 2017-இல் 'ஹூசியர்' என்று மாற்றிக்கொண்டது.

நெவாடா கொடியில் 'பேட்டில் பார்ன்' என்று இருக்கிறதே?

போர் நடக்கும்போது பிறந்த மாநிலம் என்று பொருள். நெவாடா மாநிலமானது 1864 அக்டோபர் 31-இல், உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில். நவம்பர் 8-இல் லிங்கன் மறுதேர்தலைச் சந்திக்க வேண்டும். அதற்குள் நெவாடா மாநிலமாகிவிட்டால் ஓட்டும் கிடைக்கும், அடிமை முறையை ஒழிக்கும் திருத்தத்துக்கு ஆதரவும் கிடைக்கும். புது மாநிலத்தின் அரசியலமைப்பை வாஷிங்டனுக்கு அனுப்பியிருந்தார்கள், ஆனால் பிரதிகள் போய்ச் சேரவில்லை. வேறு வழியில்லாமல் 16,543 சொற்களையும் தந்தியில் அடித்தார்கள். செலவு 4,303 டாலர் 27 சென்ட். அன்றைய காலத்துக்கு அது மலைக்கவைக்கும் தொகை. நேரடித் தொடர்பு இல்லாததால் வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் கேட்டு எழுதி, மறுபடி அடித்து அனுப்பினார்கள்.

1859-இல் கண்டுபிடித்த காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கத்தால் 'சில்வர் ஸ்டேட்' என்ற பெயரும் உண்டு. போருக்கு வெள்ளி வேண்டுமென்றுதான் மாநிலமாக்கினார்கள் என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. மாநிலமாகும் முன்பும் அது மத்திய அரசின் ஆட்சிக்கு உட்பட்ட பிரதேசம்தான், வெள்ளி வேறெங்கும் போய்விடப் போவதில்லை.

போரால் பெயர் வந்த மற்ற மாநிலங்கள்?

தென் கரோலினாவின் 'பால்மெட்டோ'. 1776 ஜூன் 28-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்து சல்லிவன் தீவில், பாதிதான் கட்டி முடித்த ஒரு கோட்டையை பிரிட்டிஷ் கப்பல்கள் சுட்டுத் தள்ளின. உள்ளே கர்னல் வில்லியம் மோல்ட்ரியின் ஆட்கள். சுவர் கல் இல்லை, பால்மெட்டோ என்ற பனைவகை மரத்தின் அடித்தண்டுகளை இரண்டு வரிசையாக அடுக்கி நடுவில் மணல் கொட்டியது. அந்த மரம் நார்நாராக, பஞ்சுபோல இருக்கும். குண்டு பட்டால் பிளந்து சிதறாது, அப்படியே உள்வாங்கிக்கொள்ளும். கப்பல்கள் அடிவாங்கித் திரும்பின. அந்த மரம் இன்று மாநிலக் கொடியில் இருக்கிறது.

டென்னசியின் 'வாலன்டியர் ஸ்டேட்' தன்னார்வச் சிப்பாய்களால் வந்தது. 1846 மெக்சிகோ போருக்கு 2,800 பேர் கேட்டதற்கு 30,000 பேர் முன்வந்தார்கள் என்பார்கள். டெக்சாஸின் 'லோன் ஸ்டார்', அதாவது ஒற்றை நட்சத்திரம், அது 1836 முதல் 1845 வரை தனி நாடாக இருந்த காலத்துக் கொடியிலிருந்து வந்தது.

நியூயார்க் ஏன் 'எம்பயர்', பென்சில்வேனியா ஏன் 'கீஸ்டோன்'?

1785-இல் நியூயார்க் நகரம் அளித்த பாராட்டுக்குப் பதில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன், அந்த மாநிலத்தைப் பேரரசின் இருப்பிடம் என்ற பொருளில் குறிப்பிட்டார். அதையே தொடக்கமாகச் சொல்வார்கள். 1931-இல் கட்டி முடித்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குப் பெயர் இதிலிருந்துதான் போனது.

கீஸ்டோன் என்பது கல் வளைவின் உச்சியில் நடுவே செருகும் ஆப்பு வடிவக் கல். அதை எடுத்தால் வளைவு விழும். பழைய 13 குடியேற்றங்களின் வரிசையில் நடுவே இருந்தது பென்சில்வேனியா. 1802-இல், அன்றைய அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் கட்சி நடத்திய வெற்றிக் கூட்டத்தில் ஒன்றியத்தின் கீஸ்டோன் என்று அதை வாழ்த்தினார்கள். ஹைன்ஸ் கெச்சப் பாட்டிலைப் பார்த்தால் அந்தக் கல்லின் வடிவம் தெரியும். அது பிட்ஸ்பர்க் நிறுவனம், லேபிளின் வடிவம் மாநிலத்தின் சின்னம்.

நியூ ஜெர்சியைப் பார்த்தால் தோட்டம் மாதிரியா இருக்கிறது?

எடிசன் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. நெடுஞ்சாலை ஓரத்து எண்ணெய் ஆலைகளைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்பதில் தப்பில்லை. 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் ஆப்ரகாம் பிரவுனிங் என்பவர், நியூ ஜெர்சி தின்பண்டம் நிறைந்த பெரிய பீப்பாய், ஒரு முனையிலிருந்து பென்சில்வேனியாக்காரர்களும் மறுமுனையிலிருந்து நியூயார்க்காரர்களும் அள்ளுகிறார்கள் என்று சொல்லி, 'கார்டன் ஸ்டேட்' என்றார். இரண்டு பெரிய நகரங்களுக்கும் காய்கறி போனது இங்கிருந்துதான்.

1954-இல் அதை நம்பர் பிளேட்டில் போடச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் ராபர்ட் மெய்னர் மறுத்துத் திருப்பி அனுப்பினார். சாதாரண நியூ ஜெர்சிக்காரர் தன் மாநிலத்தை மற்றத் தொழில்களைவிட விவசாயத்தோடு சேர்த்து நினைப்பதாகத் தெரியவில்லை என்பது அவர் வாதம். சட்டமன்றம் அதை மீறி மசோதாவைச் சட்டமாக்கியது. மெய்னர் சொன்னது நியாயம்தான். ஆனால் தெற்கே வைன்லாண்ட் பக்கம் போனால் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன.

ஜார்ஜியாவில்தான் பீச் பழம் அதிகமா?

இல்லை. முதலிடம் கலிஃபோர்னியாவுக்கு, தென் கரோலினாவும் ஜார்ஜியாவை முந்தும். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, பருத்தி ஒன்றையே நம்பிய மாநிலம் என்ற பெயரை மாற்ற ஜார்ஜியா பீச்சை முன்னால் நிறுத்தியது. 1870-களில் சாமுவேல் ரம்ஃப் உருவாக்கிய எல்பர்ட்டா ரகம் ரயிலில் நியூயார்க்வரை கெடாமல் போனது. பெயரை முதலில் பிடித்தது ஜார்ஜியா, அவ்வளவுதான்.

வயோமிங்கின் 'ஈக்வாலிட்டி' (சமத்துவம்) வெறும் பேச்சா?

இல்லை, இது ஆவணத்தோடு நிற்கும் பெயர். 1869 டிசம்பர் 10-இல், மாநிலமாகும் முன்பே, பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த சட்டம் கையெழுத்தானது. நாட்டின் மற்றப் பெண்கள் எல்லோருக்கும் அந்த உறுதி கிடைக்க 1920 ஆனது. 1870 செப்டம்பர் 6-இல் லாரமியில் லூயிசா ஸ்வெயின் என்ற முதியவர் காலையில் போய் ஓட்டுப் போட்டார். அதே வருடம் எஸ்தர் ஹோபார்ட் மாரிஸ் நீதிபதிப் பதவி ஏற்றார். 1925-இல் நெல்லி டெய்லோ ராஸ் நாட்டின் முதல் பெண் ஆளுநரானார். பெண்கள் மிகக் குறைவாக இருந்த பிரதேசம் என்பதால் குடியேற்றத்துக்கு விளம்பரமாகச் செய்தார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. நோக்கம் கலந்ததாகவே இருக்கட்டும், ஓட்டு ஓட்டுதான்.

ஒரு மாநிலம் தன் பட்டப்பெயரை மாற்றிக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆர்க்கன்சா 1923-இல் 'வொண்டர் ஸ்டேட்', 1953-இல் 'லாண்ட் ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி', 1995-இல் 'நேச்சுரல் ஸ்டேட்'. மூன்றும் விளம்பர வாசகங்கள், ஒன்றும் மனதில் நிற்பதில்லை. நெப்ராஸ்கா 1895-இல் மரம் நடுவோர் மாநிலம் என்று வைத்துக்கொண்டது. மரம் நடும் நாளை 1872-இல் தொடங்கிவைத்த ஊர் அது, பொருத்தமான பெயர். ஆனால் ஃபுட்பால் அணி 'கார்ன்ஹஸ்கர்ஸ்' (சோளக்கதிர் உரிப்பவர்கள்) ஆனபின் மக்கள் வாயில் அதுவே வந்தது, 1945-இல் சட்டமும் பின்னால் வந்தது.

தெற்கு டகோட்டா தன்னை 'சன்ஷைன் ஸ்டேட்' என்று அழைத்துக்கொண்டிருந்தது. ஃபுளோரிடா அதே பெயரை 1970-இல் சட்டமாக்கியது. 1992-இல் தெற்கு டகோட்டா 'மவுன்ட் ரஷ்மோர் ஸ்டேட்' ஆனது. நான்கு அதிபர்களின் முகங்களைச் செதுக்கிய அந்த மலை லகோட்டா மக்களுக்குப் புனிதமான பிளாக் ஹில்ஸில் இருக்கிறது. 1868 ஒப்பந்தத்தில் அவர்களுக்கு உறுதியளித்த நிலத்தை அரசு சட்டவிரோதமாக எடுத்தது என்று உச்ச நீதிமன்றமே 1980-இல் சொல்லி, இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணம் வேண்டாம், மலையைக் கொடுங்கள் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். இருந்த பெயர்களில் இதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

நம்பர் பிளேட்டில் இருப்பதெல்லாம் பட்டப்பெயர்தானா?

இல்லை. ஐடஹோவின் பட்டப்பெயர் 'ஜெம் ஸ்டேட்', ஆனால் பிளேட்டில் உருளைக்கிழங்கு விளம்பரம் இருக்கும், 1928-லேயே தொடங்கிய வழக்கம். நியூ ஹாம்ப்ஷயரின் பட்டப்பெயர் 'கிரானைட் ஸ்டேட்'. பிளேட்டில் இருப்பது "சுதந்திரமாக வாழ் அல்லது செத்து மடி" என்ற பொருள்படும் மாநில முழக்கம். புரட்சிப் போர்த் தளபதி ஜான் ஸ்டார்க் 1809-இல் எழுதிய வரி அது. எங்கள் மத நம்பிக்கைக்கு ஒத்துவராது என்று ஒரு தம்பதி 1970-களில் அந்த வரியை டேப் ஒட்டி மறைத்தார்கள். கணவருக்கு அபராதம் விழுந்தது, கட்ட மறுத்ததால் 15 நாள் சிறை. 1977-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது: தனக்கு உடன்பாடில்லாத வாசகத்தைச் சொந்த வண்டியில் சுமந்து போகும்படி குடிமகனை மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது.